தறிக்காரரும் நான்கு கட்டமும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பாண்டிருப்பைக் கடந்ததும் மருதமுனை வருகின்றது. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் வீடுகளுக்குள்ளிருந்து, ஒரு காலத்தில் விடிந்தது முதல் பொழுது படும்வரை ஓர் ஓசை ஓயாது கேட்டுக்கொண்டிருந்ததெனப் பெரியவர்கள் சொல்லுவர். நாடா இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாக ஓடி மோதும் ஓசை அது. இன்றும் அவ்வோசை அறவே நின்றுவிடவில்லை. ஆயினும் அதைக் கேட்பதற்கு இப்போது ஒழுங்கைக்குள் இறங்கிச் சற்றே செவி சாய்த்து நிற்க வேண்டியிருக்கின்றது.

அவ்வாறு நின்றதன் பயனாக நாம் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் புகுந்தோம். அங்கே நான்கு தறிகள் இருந்தன. இரண்டில் பாவு ஏறியிருந்தது. மற்றை இரண்டின்மேலும் சாக்கு விரித்து மூடியிருந்தார்கள். மூடிய தறிகளைப் பார்த்தாலே ஒரு துக்க வீட்டின் நினைவு வந்துவிடுகின்றது. அவற்றை மரமாக விலை பேசி ஒருவர் வந்து போயிருக்கிறார் என்றும், வருகின்ற வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வேண்டும் என்றும் வீட்டுக்காரர் கூறினார்.

அவருடைய மகன் உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிக்கின்றான். தறிக்குப் பக்கத்தில் கிடந்த வாங்கின்மீது அவனுடைய கொப்பி திறந்திருந்தது. ஒரு பக்கத்தை நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நான்கு கட்டங்களாக்கி, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று தலைப்பிட்டிருந்தான். பாடசாலையிலே அவரவர் அறிந்த ஒரு சிறு வியாபாரத்தை இம்முறைப்படி ஆராய்ந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். பலவீனம் என்ற கட்டத்தைக் காட்டி, “வாப்பா, இதுக்கு என்னத்தை எழுத?” என்று கேட்டான். தகப்பனார் மிதியிலிருந்து காலை எடுக்காமலே, “அதுக்கு உன்ட கொப்பி காணாது மகன்” என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். சிரித்த பின்புதான் அந்த விடையில் இருந்த கசப்பு நெஞ்சில் உறைத்தது. அந்தக் கொப்பியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அப்போதுதான் உண்டாயிற்று. இவ்வாரம் நமது பகுதியை அதற்கே ஒதுக்குகின்றோம்.

ஆங்கில எழுத்துக்களைக் கோத்து ‘ஸ்வொட்’ என வழங்கும் இந்த ஆராய்ச்சி முறை அமெரிக்காவிலே உருவானது. 1960களில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் பெரிய கம்பனிகள் நெடுங்காலத் திட்டம் வகுப்பதற்கு உதவி புரிந்து வந்தார்கள். கம்பனியின் ஒவ்வொரு பிரிவின் தலைவரிடமும், இன்று திருப்தியாக நடப்பது எது, குறையாக நடப்பது எது, நாளை கிட்டக்கூடிய நன்மை எது, நாளை நேரக்கூடிய கேடு எது என்று நான்கு கேள்விகள் கேட்டு எழுதி வாங்கினார்கள். அக்காலத்தில் அதன் பெயர் ‘சொஃப்ட்’. அதே காலத்தில் ஹார்வார்டு வணிகக் கலாசாலைப் பேராசிரியர்களும், ஒரு நிறுவனத்தின் உள்நிலையையும் வெளிநிலையையும் ஒருங்கே வைத்து எண்ண வேண்டும் என்று மாணவர்க்குப் போதித்து வந்தனர். ஆகவே இம்முறையைக் கண்டவர் இன்னாரென்று ஒருவரை மாத்திரம் சுட்டுவது எளிதன்று. பெருமைக்குப் பலர் உரிமை பேசுகின்றனர்.

தமிழ் படித்தவர்க்கு இது முற்றிலும் புதிய செய்தியாகத் தோன்றாது. திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. அதன் முதற்குறள் எடுத்துக்கொண்ட காரியத்தின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, இரு புறத்தார்க்கும் துணையாக நிற்போரின் வலிமை என நான்கினைச் சீர்தூக்கச் சொல்லுகின்றது. அதைத் தொடர்ந்து காலமறிதலும் இடனறிதலும் வருகின்றன. அமெரிக்கரின் நான்கு கட்டத்திலே துணைவலிக்குத் தனியிடம் இல்லை என்பது நமது கவனத்துக்குரியது. பெரிய கம்பனிக்கு அது வேண்டாமற் போகலாம். ஒரு தறிக்காரருக்கோ, தார் சுற்றித் தரும் மனைவியும், கடனுக்கு நூல் தரும் கடைக்காரரும், பாவு ஓட்டக் கைகொடுக்கும் அயல்வீட்டாரும் இல்லையேல் தொழிலே இல்லை. ஐந்தாவதாக ஒரு கட்டம் கீறும்படி பையனிடம் சொன்னோம். மார்க் குறைந்தால் நாம் பொறுப்பல்ல என்றும் சொல்லி வைத்தோம்!

இனி முதற் கட்டத்துக்கு வருவோம். பலம் என்ன என்று கேட்டால் எந்தத் தொழிலாளியும் தனக்குப் பெருமையாக உள்ளதைச் சொல்லுவான். இவரும் அப்படியே, “முப்பது வருசப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு நெய்வேன்” என்றார். உண்மைதான். ஆனால் புடைவைக்கடைக்கு வருகின்ற ஒருவன் முப்பது வருடப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஒரு சாரத்தை வாங்குகிறான். அந்தச் சாரத்தில் அப்பழக்கம் எந்த உருவத்தில் அவனுடைய கைக்குத் தட்டுப்படுகின்றது என்பதே கேள்வி. இப்படித் திருப்பிக் கேட்டபோது விடைகள் வேறு விதமாக வந்தன. நூலைச் சாயமிட்டு நெய்தபடியால் கட்டம் இருபுறமும் ஒரே தெளிவுடன் இருக்கின்றது. மேலே அச்சிட்ட துணியில் அப்படி இராது. வியர்வையை உறிஞ்சுகின்றது. நாலைந்து முறை கழுவிய பின் உடம்போடு ஒட்டிப் படிகின்றது. கரையில் இழை பிரியாது.

எல்லாவற்றிலும் பெரிய பலம் ஒன்றை அவர் பலமென்றே எண்ணியிருக்கவில்லை. பேச்சு வாக்கில், “சின்னச் சின்ன ஓடர் வந்தா வேலை கெட்டுப் போகும், ஆனா மறுக்க மனம் வராது” என்றார். ஒரு கலியாண வீட்டார் மாப்பிள்ளையின் தோழர்க்கென்று ஒரே நிறத்தில் பத்துச் சாரம் கேட்டார்களாம்; நெய்து கொடுத்தாராம். யந்திரத் தறி ஆலைக்கு இது இயலாத காரியம். ஒரு நிறத்தை ஏற்றினால் ஆயிரக்கணக்கான யார் ஓட வேண்டும். இல்லையேல் பாவு மாற்றும் செலவே இலாபத்தை விழுங்கிவிடும். கைத்தறிக்காரரோ குட்டைப் பாவு ஓட்டலாம். ஊடையில் நிறத்தை நினைத்தபோது மாற்றலாம். பத்துப் பேருக்கென்று, ஏன், ஒருவருக்கென்றே நெய்யலாம். ஆலை முதலாளி பொறாமைப்படத்தக்க இந்தச் சாமர்த்தியத்தை நமது நண்பர் ஒரு தொந்தரவாகவே கருதி வந்திருக்கிறார். வெளியில் நிற்பவனுக்குத் தெரிகின்ற பலம் சொந்தக்காரனுக்குத் தெரியாதிருப்பது உலகில் புதிதல்ல.

பலவீனக் கட்டத்தில் பையன் தானாகவே முதலில் எழுதிய வரி, ‘மில் சாரம் மலிவு’ என்பது. இந்த இடத்தில் மாணவர்களில் பெரும்பாலோர் தவறுகின்றனர், வியாபாரிகளும் தவறுகின்றனர். மில் சாரம் மலிவாயிருப்பது இவருடைய பலவீனம் அன்று. அது வெளியிலிருந்து வரும் அச்சுறுத்தல். மழை பெய்வது நமது குற்றமாகாது. கூரை ஒழுகுவது நமது குற்றம். நமது கையால் திருத்தக்கூடியது எதுவோ அதுவே பலவீனத்தின்கீழ் வர வேண்டும். இரண்டையும் கலந்து எழுதிவிட்டால், திருத்த முடியாததை எண்ணி அழுதுகொண்டு, திருத்த முடிந்ததை மறந்து விடுவோம்.

அந்த வரியை அடித்துவிட்டு மீண்டும் யோசித்தபோது வந்த விடைகள் சற்றுச் சுட்டன. சாரத்தில் நெய்தவர் பெயரில்லை, ஊர்ப் பெயருமில்லை. வியாபாரி கட்டாகக் கட்டிக்கொண்டு போய் எந்தக் கடையில் விற்கிறார் என்பதும் தெரியாது. உடுப்பவர் யார், அவருக்குப் பிடித்ததா, ஏன் மறுமுறை கேட்கவில்லை என்று இத்தனை வருடத்தில் ஒருநாளாவது ஒருவரிடமும் கேட்டதில்லை. கட்டத்தின் அளவும் நிறமும் பல வருடமாக அதேபடி இருக்கின்றன. கடைசியாக, வீட்டுக்கார அம்மாள் உள்ளிருந்தபடியே, “சிவப்பு நிறம் கழுவக்குள்ள போகுது எண்டதையும் எழுது” என்றார்கள். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. தறி மாத்திரம் சற்று வேகமாக ஓடியது.

நிறம் போகும் கதை என்றதும் நமக்கு 1958ஆம் ஆண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சுவையான செய்தி நினைவுக்கு வந்தது. நியூயோர்க்கிலிருந்து வில்லியம் ஜேகப்சன் என்ற துணி இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்து, கைத்தறி ஏற்றுமதியில் ஈடுபட்டிருந்த கப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட பருத்தித் துணியைப் பெருமளவில் வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவரும் இதே நாயர்தாம். துணிக்கு இட்ட சாயம் கழுவும்போது கசியும். ஆகவே குளிர்ந்த நீரில் மெதுவாகத் தனியே அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தாராம். ஜேகப்சன் அந்தத் துணியைப் பேர்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றபோது எச்சரிக்கையைச் சேர்த்துச் சொல்ல மறந்துபோனார். வாங்கியவர்கள் வழக்கம்போல யந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். ஒரு நிறம் மற்றொன்றில் பாய்ந்தது. சட்டைகள் எல்லாம் வேறு சட்டைகள் ஆயின. புகார் குவிந்தது. வழக்கு மூளும் போலிருந்தது.

அந்நிலையில் அவர்கள் செய்தது என்ன? ஒளிக்கவில்லை. ‘நிறம் கசியும் என்று உத்தரவாதம் அளிக்கின்றோம்’ என்றே விளம்பரம் செய்தார்கள்! கையால் நெய்து, இயற்கைச் சாயமிட்ட இந்தியத் துணி இது; ஒவ்வொரு முறை கழுவும்போதும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து புதிய அழகு பெறும்; உம்முடைய சட்டையைப் போல இன்னொரு சட்டை உலகில் இராது என்று ஒரு சஞ்சிகையில் கட்டுரையும் வந்தது. குற்றம் குணமாயிற்று. 1960களில் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்களிடையே ‘மதராஸ்’ துணி ஒரு மோகமாகவே பரவியது.

இக்கதையைக் கேட்ட பையனுக்கு உற்சாகம் மிகுந்துவிட்டது. “அப்ப நாமளும் அப்படியே சொல்லுவம்” என்றான். நாம் அதை ஒப்பவில்லை. அமெரிக்க மாணவன் அத்துணியை வேடிக்கைக்காக அணிந்தான்; அவனிடம் வேறு பத்துச் சட்டைகள் இருந்தன. நம்மூரில் ஒருவருடைய பெருநாள் வெள்ளைச் சட்டை, புதுச் சாரத்தோடு சேர்ந்து ஊறிச் சிவந்துபோனால், எத்துணை அழகாக விளம்பரம் எழுதினாலும் அவர் மன்னிக்க மாட்டார். ஒரே குறை ஓரிடத்தில் பலமாகலாம்; மற்றோரிடத்தில் பலவீனமாகவே நிற்கும். வாங்குபவன் யார் என்று தெரியாமல் கட்டங்களை நிரப்புவது வீண் வேலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சிவப்புக்குத் தீர்வு விளம்பரத்தில் இல்லை, சாயத்தில் இருக்கின்றது. நேர்ச்சாயத்தைக் காட்டிலும் வாட் சாயம் கழுவலுக்கு நின்று பிடிக்கும், விலை கூடுதல். சாயமிட்ட நூலை வெள்ளைத் துணித் துண்டொன்றோடு சேர்த்துச் சவர்க்கார நீரில் ஊறவைத்துப் பார்த்த பின்பே தறியில் ஏற்றுவது எனின், அதற்கு அரை நாளும் ஒரு வாளி நீரும் போதும்.

பெயரில்லாமை என்ற குறை இதனினும் ஆழமானது. இலங்கையில் பழைய தலைமுறையினர் நல்ல சாரத்தைப் ‘பளையகாட்’ என்றே சொல்லுவர். சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு என்ற கடற்கரை ஊரின் பெயரே அவ்வாறு திரிந்து வழங்குகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் அப்பகுதித் துறையிலிருந்து கட்டத் துணிகள் தென்கிழக்காசியாவுக்குச் சென்றன. ஊரின் பெயர் துணியின் பெயராயிற்று. பின்பு எங்கே நெய்தாலும், எவர் நெய்தாலும், அத்தகைய துணிக்கெல்லாம் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் உலகெங்கும் உலாவியது. பெயருக்குரிய ஊருக்கு அதனால் வந்த வரும்படி ஏதுமில்லை. மருதமுனைச் சாரம் என்றால் இக்கரையோரம் முழுவதும் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எழுத்தாகத் துணியில் இல்லாதபடியால், கடைக்காரர் எந்தச் சாரத்தைத் தூக்கிக் காட்டியும் அப்பெயரைச் சொல்லலாம் என்ற நிலைமை இருக்கின்றது. இலங்கைக் கறுவாவுக்கு 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கு இந்தியாவில் அதற்கு முன்பே அத்தகைய குறியீடு கிடைத்துவிட்டது. இவை தனியொரு தறிக்காரரால் ஆகும் காரியங்கள் அல்ல. ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர். ஆனால் நான்கு விரல் அகலத் துண்டுத் துணியில் ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் எழுதிச் சாரத்தின் மூட்டில் வைத்துத் தைப்பதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

வாய்ப்பு என்ற கட்டத்தில் நாம் அதிக நேரம் செலவிடவில்லை. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வருடந்தோறும் வருகின்றன. தெற்கே பொத்துவிலுக்கு அப்பால் அறுகம்பையில், அலைச் சறுக்கு விளையாட்டுக்காக வெளிநாட்டார் ஏறத்தாழ மே மாதம் முதல் ஒக்டோபர் வரை வந்து தங்குகின்றனர். கைத்தறித் துணிக்குக் கூடிய விலை தரத் தயங்காத கூட்டத்தார் இந்நாட்டிலேயே உண்டு. கொழும்பில் 1960களில் பார்பரா சன்சோனி அம்மையார் தொடங்கிய ‘பெயர்ஃபூட்’ நிலையமும், குருநாகல் பகுதியில் 1991இல் பிறந்த ‘செலின்’ நிறுவனமும் அதை நிரூபித்துள்ளன. அவர்கள் துணியை மாத்திரமா விற்றார்கள்? துணிச்சலான நிறச் சேர்க்கையையும், இதை ஒரு பெண் தன் கையால் நெய்தாள் என்ற செய்தியையும் சேர்த்து விற்றார்கள். கைத்தொலைபேசியும் ஒரு வாய்ப்பு என்று பையன் எழுதினான். எழுதட்டும். ஆனால் தொலைபேசியில் தெரியும் சிவப்பு வேறு, சாரத்தின் சிவப்பு வேறு. படத்தைப் பார்த்து வாங்கியவர் திருப்பி அனுப்பினால் பார்சல் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நலம்.

அச்சுறுத்தலைப் பற்றி இவ்வூராருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1960களிலும் 70களின் முற்பாதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. உள்நாட்டுக் கைத்தறி தழைத்தது. 1977இல் கதவு திறக்கப்பட்டது; மலிவான துணிகள் கப்பல் கப்பலாக வந்தன; நாடெங்கும் தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26ஆந் தேதி கடல் எழுந்து வந்து இக்கரையோரத்தை வாரிக்கொண்டு போயிற்று. வீட்டிலேயே தொழில் செய்பவனுக்கு வீடு போவதென்பது தொழிலும் போவதுதான். பின்னர் 2022இல் ரூபாய் சரிந்தது. அவ்வருடத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதமளவில் 360ஐ எட்டியது.

டொலருக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நூலும் சாயமும் வெளியிலிருந்து வருகின்றன அன்றோ? கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்குவோம். வியாபாரி ஒரு சாரத்துக்குத் தரும் விலை 100 பங்கு என்றும், அதில் நூலுக்கும் சாயத்துக்கும் 60 போகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 40. நெய்பவர், தார் சுற்றுபவர், மூட்டுபவர் எல்லாரும் அதிலே அடங்க வேண்டும். நூல் விலை பாதி மடங்கு ஏறினால் 60 என்பது 90 ஆகிவிடும். வியாபாரி மனமிரங்கி 110 தந்தாலும் மிஞ்சுவது 20. உழைப்பு அதே உழைப்பு, கூலி சரிபாதி. அதே சாரத்தை உடுப்பவருக்கே நேராக 135க்கு விற்று, துண்டுத் துணிக்கும் அனுப்பும் செலவுக்குமாக 10 போனாலும் 35 நிற்கும். ஆனால் நேராக விற்பதற்கு நேரம் வேண்டும். நெய்கின்ற கையே விற்கவும் போனால் நெசவு நிற்கும். இந்தக் கணக்கைத் தகப்பனார் மிகக் கவனமாகக் கேட்டார். தறியை நிறுத்திவிட்டு அவர் எழுந்து வந்தது அப்போதுதான்.

கட்டங்கள் நிரம்பின. இத்துடன் வேலை முடிந்தது என்று பையன் கொப்பியை மூடப் போனான். இங்கேதான் இம்முறையின் பெரிய பொறி இருக்கின்றது. இங்கிலாந்தில் டெரி ஹில், ரோய் வெஸ்ட்புரூக் என்ற இரு அறிஞர் இருபது கம்பனிகளில் இந்த ஆராய்ச்சி எவ்வாறு நடந்தது என்பதைப் பார்த்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பட்டியல்கள் இருந்தன. பொத்தாம் பொதுவான சொற்கள் இருந்தன. எது முக்கியம், எது அற்பம் என்ற தரம் பிரித்தல் இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, எழுதி முடித்த பட்டியலை எடுத்துப் பின்னர் எவரும் பயன்படுத்தவில்லை! விற்ற பண்டம் பழுதென்றால் கம்பனி திருப்பி அழைப்பதுபோல, இம்முறையையே திருப்பி அழைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அவர்கள் குத்தலாகத் தலைப்பிட்டனர். பெரிய கம்பனிகளின் கதியே அதுவானால் கொப்பியில் எழுதிய பையனை நோவானேன்?

இதற்கு ஒரு மாற்று உண்டு. ஹைன்ஸ் வைரிக் என்ற பேராசிரியர் 1982இல், நான்கு கட்டங்களையும் தனித்தனியே விட்டுவிடாமல் ஒன்றோடொன்று பின்னச் சொன்னார். பாவும் ஊடையும் தனித்தனியே கிடந்தால் நூல், பின்னினால்தான் துணி. தறிக்காரருக்கு இதை விளக்க நமக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. ‘சிறு ஓடரை நெய்யும் திறன்’ என்ற பலத்தையும் ‘கலியாண வீடுகளும் அறுகம்பை விடுதிகளும்’ என்ற வாய்ப்பையும் சேர்த்தோம்: நிறத்தை நீங்கள் சொல்லுங்கள், பத்துச் சாரமானாலும் நெய்து தருவோம் என்ற ஒரு வியாபாரம் பிறந்தது. ‘பெயரில்லை’ என்ற பலவீனத்தையும் ‘மில் சாரம்’ என்ற அச்சுறுத்தலையும் சேர்த்தபோது, இரண்டும் கூடி நின்றால் ஆபத்து எவ்வளவு என்பது தெரிந்தது. ஆலைக்காரன் இதே கட்டத்தை இதே நிறத்தில் இறக்கினால் எது யாருடையது என்று காட்ட இவரிடம் ஒரு சான்றுமில்லை. மற்றப் பின்னல்களை நாம் விட்டுவிட்டோம். சிலர் பதினாறு இருபது உபாயம் எழுதுவர். நான்கு தறி உள்ள வீட்டில் மூன்று காரியம் ஒழுங்காக நடந்தால் அதுவே அதிகம்.

எவை அம்மூன்று என்பதில் வீட்டாருக்குள் வாதம் நடந்தது. சாயச் சோதனையை அம்மாள் ஏற்றுக்கொண்டார்கள். வாளியும் வெள்ளைத் துண்டும் தமது பொறுப்பு என்றார்கள். வாங்குபவருடைய பெயர், ஊர், விரும்பிய நிறம் ஆகியவற்றைக் குறிக்க ஒரு கொப்பி போடுவது மகளுடைய வேலை. அவள் பத்தாம் வகுப்பு. எழுத்து முத்துப் போன்றது. மூன்றாவது, பெயர்த் துண்டு. அதில் யார் பெயரைப் போடுவது? பையன் வாப்பாவின் பெயரைப் போட வேண்டும் என்றான். அவரோ, தம்முடைய வாப்பாவும் அவருடைய வாப்பாவும் பெயரில்லாமல்தானே நெய்தார்கள், ஊர்ப் பெயர் போதும் என்றார். நெடுநேரம் பேசிய பின், மேலே மருதமுனை என்றும் கீழே சிறு எழுத்தில் அவர் பெயரும் என்று முடிவாயிற்று. சிறு எழுத்து எவ்வளவு சிறிது என்பதில் மீண்டும் ஒரு சிறு வாதம் உண்டாயிற்று. அதை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

பையனுடைய எண்ணம் வேறு ஒன்றும் இருந்தது. பரீட்சை முடிந்ததும் கட்டாருக்குப் போவதென்று மச்சான் ஒருவர் மூலம் ஏற்பாடு நடக்கின்றது. இதை அச்சுறுத்தல் கட்டத்தில் எழுதுவதா, பலவீனத்தில் எழுதுவதா, வாய்ப்பில் எழுதுவதா என்று நாம் கேட்கவில்லை. அவனும் எழுதவில்லை. தகப்பனார் அந்தக் கொப்பியை வாங்கி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்து, “இதுல உன்ட பேர் இல்லையே மகன்” என்றார்.

நாம் விடைபெறும்போது மூடியிருந்த தறிகளில் ஒன்றின் மேலிருந்த சாக்கை அவர் எடுத்து உதறிக்கொண்டிருந்தார். தூசி பறந்தது. விலை பேசியவர் வெள்ளிக்கிழமை வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். “ஒண்டைக் குடுப்பம். மற்றதுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வரச் சொல்லுவம்” என்றார்.